பேஸ்பால் டீமைப் பகடி செய்வது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பல, பேஸ்பால் டீம்களின் பெயரில் போடும் பகடிப் பதிவுகள் பற்றியவை. உதாரணங்களைப் பெரும்பாலும் சிகாகோ வைட் சாக்ஸிலிருந்தே எடுத்திருக்கிறோம். 2024 சீசனில் 162 ஆட்டங்களில் 121 தோற்ற டீம் அது. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120-ஐத் தாண்டி, நவீன பேஸ்பாலின் புதுச் சாதனை.

கே: நானும் மூன்று நண்பர்களும் வைட் சாக்ஸுக்கு ஒரு பகடிக் கணக்கு வைத்திருக்கிறோம். "இந்த டீமை இழுத்து மூடுங்கள்", "ஓனரே, விற்றுவிட்டுப் போங்கள்" என்றெல்லாம் போடுகிறோம். யாரும் சிரிப்பதில்லை. எங்கே தவறு?
– நேப்பர்வில், இல்லினாய்

ப: பேசுகிற குரல் தவறு. நீங்கள் எழுதியிருப்பவை ரசிகரின் வசவுகள். அவற்றை உங்கள் சொந்தப் பெயரிலேயே போடலாம். பகடியில் பேச வேண்டியது டீம். அதன் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், சம்பளத்துக்காக, எது நடந்தாலும் முகம் மாறாமல் அறிவிப்பு எழுதுகிறாரே, அந்தக் குரல்.

ஒரு பேஸ்பால் டீமின் பக்கத்தை ஒரு வாரம் தொடர்ந்து படியுங்கள். ஐந்தாறு வகைப் பதிவுகளே திரும்பத் திரும்ப வரும்: அன்றைய லைன்-அப் (ஆடுவோர் வரிசை), ஸ்கோர் அட்டை, ரோஸ்டர் (ஆட்டக்காரர் பட்டியல்) மாற்றம், மழைத் தாமதம், டிக்கெட் சலுகை, தலையாட்டும் பாபில்ஹெட் பொம்மை தரும் நாள். இவற்றின் வாக்கிய அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எண், தேதி, சொல் வரிசை எல்லாம் நிஜமாக இருக்கட்டும். உள்ளே ஒன்றே ஒன்று பொய்யாக இருக்கட்டும். அந்தப் பொய்யும் நடக்கவே முடியாததாக இருக்க வேண்டும்.

ரோஸ்டர் மாற்ற அறிவிப்புதான் இதற்கு நல்ல நிலம். அதன் நடை அவ்வளவு வறண்டது. உதாரணம்:

"ரோஸ்டர் மாற்றம்: ரசிகர்களின் நம்பிக்கை, வலது தொடைப் பிடிப்பு காரணமாக 60 நாள் காயப் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. டிரிபிள்-ஏ ஷார்லட்டிலிருந்து பொறுமை அழைக்கப்படுகிறது."

ஷார்லட்தான் வைட் சாக்ஸின் டிரிபிள்-ஏ டீம், அதாவது முதன்மை லீகுக்கு ஒரு படி கீழே ஆடும் துணை டீம். 60 நாள் பட்டியல் என்று ஒன்று நிஜமாகவே உண்டு. பிட்சர்களுக்கு (பந்து எறிபவர்களுக்கு) 15 நாள், மற்றவர்களுக்கு 10 நாள், தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்றால் 7 நாள், நீண்ட காயத்துக்கு 60 நாள். முன்தேதியிட்டுச் சேர்ப்பதானால் 3 நாளுக்கு மேல் போக முடியாது. நீங்கள் "20 நாள் பட்டியல்" என்று எழுதினால் ஆட்டம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். நகைச்சுவை வரை வரமாட்டார். ஒரு கூர் போதும். அதே பதிவில் ஓனரையும், பார்க்கிங் கட்டணத்தையும், ஹாட் டாக் விலையையும் சேர்த்தால் எல்லாமே மழுங்கிப்போகும்.

கே: ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்து, பதிவை எப்படி உருவாக்குவது என்று படிப்படியாகக் காட்ட முடியுமா?
– ஆரோரா, இல்லினாய்

ப: 2024 மே 23. சொந்த மைதானத்தில் பால்டிமோர் ஓரியோல்ஸுடன் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், வைட் சாக்ஸ் 8-6 என்று பின்தங்கியிருக்கிறது. முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் ஆள், ஓர் அவுட். பந்து உயரே எழும்பி, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் வருகிறது. அம்பயர் இன்ஃபீல்ட் ஃப்ளை விதியைச் சொல்கிறார் (எளிதில் பிடிக்கக்கூடிய பந்தானால், பிடிக்கும் முன்பே அடித்தவர் அவுட் என்னும் விதி), அடித்தவர் அவுட். இரண்டாவது பேஸ் பக்கம் நின்றிருந்த ஓட்டக்காரர், பந்தைப் பிடிக்கப் போன ஷார்ட்ஸ்டாப்பின் வழியில் இருந்ததாகச் சொல்லி அவரும் அவுட். ஆட்டம் முடிந்தது.

முதல் வேலை, நடந்ததை ஒரே வரியில் எழுதுவது: "வழியில் நின்றதால் ஆட்டம் முடிந்தது." இதற்குள்ளேயே நகைச்சுவையின் விதை இருக்கிறது.

அடுத்து, டீம் அலுவலகம் மறுநாள் இதற்கு என்ன அறிவிப்பு விடும் என்று யோசியுங்கள். "பயிற்சி முறையில் மாற்றம்" என்று விடும்.

மூன்றாவது, அந்த அறிவிப்பில் ஒரு சொல்லை முடியாத இடத்துக்குத் தள்ளுங்கள்:

"இரண்டாவது பேஸில் நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்கான பயிற்சி நாளை காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. பயிற்சியாளரை இன்னும் யாரும் பார்க்கவில்லை."

கடைசி வேலை வெட்டுவது. முதல் வாக்கியத்தின் கடைசியில் "இனி இப்படி நடக்காது" என்று சேர்க்கக் கை வரும். சேர்க்காதீர்கள். விளக்கம் வந்தவுடன் சிரிப்பு போய்விடும். அந்த ஓட்டக்காரரின் பெயரும் பதிவில் வரவில்லை, கவனியுங்கள். ஆட்டத்தைப் பார்த்தவருக்குப் பெயர் தேவையில்லை. பார்க்காதவருக்குப் பெயர் தெரிந்து பயனுமில்லை.

நேரமும் முக்கியம். கடைசி அவுட்டுக்குப் பின் கால் மணி நேரத்துக்குள் வரும் பதிவுக்கு இருக்கும் வீச்சு, மறுநாள் மதியம் வருவதற்கு இருக்காது. அதனால் ஏழாவது இன்னிங்ஸிலேயே வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று என இரண்டு வரைவு வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு வினோத முடிவு வந்தால் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.

கே: ஸ்கோர் அட்டைப் படங்கள் போட ஆசை. அளவு, ஃபான்ட் விவரம் தேவை. தமிழ் எழுத்து படத்தில் உடைந்து வருகிறது.
– எடிசன், நியூஜெர்சி

ப: எக்ஸ் தளத்துக்கு 1200 × 675 பிக்சல், இன்ஸ்டாகிராமுக்கு 1080 × 1350. இன்ஸ்டாகிராம் 2025-இலிருந்து புரொஃபைல் பக்கத்தில் படங்களை 3:4 விகிதத்தில் காட்டுகிறது. 1080 × 1350 படத்தில் இடமும் வலமும் சுமார் 34 பிக்சல் அங்கே வெட்டுப்படும். எழுத்தை விளிம்பிலிருந்து 60 பிக்சலாவது உள்ளே வையுங்கள்.

அட்டையின் உறுப்புகள் நிஜத்தில் இருப்பவைதான்: மேலே "இறுதி ஸ்கோர்" பட்டை, நடுவில் இரண்டு டீம் பெயர், பெரிய எண்கள், அதன் கீழே ரன், ஹிட், எரர் என்ற மூன்று கட்டம், அடியில் ஸ்பான்சர் பட்டை. பகடியை எண்ணில் வைக்காதீர்கள். ஸ்கோரைத் தப்பாகப் போட்டால் படிப்பவர் எழுத்துப் பிழை என்றே நினைப்பார். ஸ்பான்சர் பட்டைதான் சரியான இடம். கண் கடைசியில் வந்து சேரும் மூலை அது. "இந்தத் தோல்வியை உங்களுக்கு வழங்குவோர்: எட்டாவது இன்னிங்ஸ்" என்று அங்கே சின்னதாகப் போடலாம்.

ஆங்கில எண்களுக்கு ஆஸ்வால்ட், பேபஸ் நியூ போன்ற ஒடுங்கிய இலவச ஃபான்ட்கள் பொருந்தும். தமிழுக்கு முக்த மலர், கேட்டமரான் இரண்டும் தடிமனில் நன்றாக நிற்கும். தமிழ் எழுத்து உடைவதற்குக் காரணம் ஃபான்ட் அல்ல. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இருந்த வழக்கமான எழுத்து அமைப்பு, "கொ" போன்ற எழுத்துகளில் கொம்பை இடம் மாற்றிப் போடத் தெரியாதது. அந்தப் பதிப்புகளில், அமைப்புகளின் டைப் பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் பழைய பதிப்பானால் அதே இடத்தில் மத்தியக் கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கும். அதன் பிறகு புதிய கோப்பைத் திறந்து எழுதுங்கள்.

படத்தை பிஎன்ஜி-யாகச் சேமியுங்கள். ஜேபெக் நிறத் தகவலைக் குறைத்துச் சேமிப்பதால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து கசிந்து தெரியும்.

எக்ஸில் 280 எழுத்து என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மெய்ப்புள்ளி, உயிர்க்குறி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. ஆங்கிலத்தில் இடம் கொள்ளும் பதிவு தமிழில் கொள்ளாமல் போவது அதனால்தான்.

கே: வடிவேலு டெம்ப்ளேட்டில் வைட் சாக்ஸை வைத்துப் போட்டால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பறக்கிறது. அதுவும் பகடிதானே?
– பிளேனோ, டெக்சஸ்

ப: அது மீம். அதிலும் குறையில்லை, ஆனால் வேறு வேலை. மீமில் டீமைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பகடியில் டீமே வாய் திறந்து தன்னை மாட்டிவிட்டுக்கொள்கிறது. நம் இலக்கணத்தில் வஞ்சப் புகழ்ச்சி என்று ஓர் அணி உண்டு, புகழ்வது போல் பழிப்பது. டீமின் அறிவிப்புக் குரலுக்கு அதைவிடப் பொருத்தமான அணி வேறில்லை. அதை விட்டுவிட்டு டெம்ப்ளேட்டை மட்டும் நம்பாதீர்கள்.

கே: டீம்கள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் கெடு நெருங்கியபோது, எங்கள் நட்சத்திர ஆட்டக்காரரைக் கொடுத்துவிட்டதாக ஒரு பகடி போட்டோம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உண்மைச் செய்தி என்று பரப்பிவிட்டார்கள். வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. எப்படித் தவிர்ப்பது?
– ஓக் லான், இல்லினாய்

ப: டிரேட் செய்தியைப் பகடிக்கு எடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கெடு முடியும் ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் தொடக்க நாட்களும், டிசம்பரில் ஒப்பந்தங்கள் நடக்கும் நாட்களும் பேஸ்பால் ரசிகர் எதையும் நம்பத் தயாராக இருக்கும் காலம். நிஜ நிருபர்களே தடுக்கி விழும் காலம். 2022 டிசம்பர் 6 அன்று யாங்கீஸ் நட்சத்திரம் ஆரன் ஜட்ஜ் ஜயன்ட்ஸ் டீமுக்குப் போகிறார் என்று ஒரு மூத்த நிருபர் பதிவிட்டார். அவசரத்தில் "ஆரன்" என்பது "ஆர்சன்" ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் தீவைப்பு என்று பொருள். செய்தியும் தவறு. மறுநாளே ஜட்ஜ் யாங்கீஸிடம் 9 ஆண்டு, 36 கோடி டாலருக்குத் தங்குவது தெரிந்தது. 2023 டிசம்பர் 8 அன்று நட்சத்திர ஆட்டக்காரர் ஷோஹெய் ஓட்டானி டொரன்டோவுக்குப் பறக்கிறார் என்ற செய்தியை நம்பி, ஆயிரக்கணக்கானோர் ஒரு தனி விமானத்தை இணையத்தில் பின்தொடர்ந்தார்கள். அதிலிருந்து இறங்கியவர் ஒரு கனடியத் தொழிலதிபர்.

அடுத்த நாள் ஓட்டானி டாட்ஜர்ஸில் சேர்ந்தார்: 10 ஆண்டு, 70 கோடி டாலர், அதில் 68 கோடியை 2034 முதல் தருவதாக ஏற்பாடு. இதை முதல் நாள் ஒரு பகடிக் கணக்கு எழுதியிருந்தால் "மிகையாக இருக்கிறது" என்றிருப்போம். ஆகவே தொகையைப் பெரிதாக்கினால் பகடி என்று புரிந்துவிடும் என எண்ணாதீர்கள். பேஸ்பாலில் பணத்துக்கு எல்லை தெரிவதில்லை. முடியாத தன்மை பொருளில் இருக்க வேண்டும்: நம்பிக்கை காயப் பட்டியலில் சேரும், புல்பென் (மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) தொலைபேசி டிரேட் ஆகும், ஸ்கோர்போர்டு விடுப்பு கேட்கும்.

ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கின் பெயரும் சுயவிவரமும் வெட்டுப்பட்டுவிடும். அதனால் அடையாளத்தைப் படத்துக்கு உள்ளேயே, நடுப்பகுதியில், ஸ்கோர் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். மூலையில் வைத்தால் யாராவது கத்தரித்துவிடுவார்கள். நிருபர்களின் பெயரைப் போலவே தோற்றமளிக்கும் பெயர் (ஆங்கிலச் சிறிய 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் பெரிய 'ஐ' வைப்பது) பகடி ஆகாது. ஆள்மாறாட்டம் அது. நிஜமான காயம் பற்றிய பொய்யும் அப்படித்தான். பேஸ்பாலில் இப்போது பந்தயப் பணம் பெருமளவு புழங்குகிறது. நம்பிப் பணம் கட்டியவரின் நஷ்டத்துக்கு நீங்கள் காரணமாவீர்கள்.

உங்கள் விஷயத்தில் இப்போது செய்ய வேண்டியது: அந்தப் பதிவுக்குக் கீழேயே "இது பகடி, அப்படி எந்த டிரேடும் நடக்கவில்லை" என்று பதில் போட்டு, அதைப் பக்கத்தின் மேலே 'பின்' செய்து நிறுத்துங்கள். சத்தமில்லாமல் அழித்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். "அழுத்தம் வந்து அழித்துவிட்டார்கள்" என்ற புரளியும் சேர்ந்துகொள்ளும்.

கே: எக்ஸில் எங்கள் கணக்கை முடக்கிவிட்டார்கள். சுயவிவரத்தில் பகடி என்று எழுதித்தான் இருந்தோம்.
– டிராய், மிச்சிகன்

ப: சுயவிவரத்தில் எழுதினால் மட்டும் போதாது. 2022 நவம்பரில் பணம் கட்டினால் நீல டிக் என்று ஆனபோது, போலிக் கணக்குகள் பெருகின. ஒரு மருந்து நிறுவனத்தின் பெயரில் "இன்சுலின் இனி இலவசம்" என்று ஒரு பதிவு வந்து பெரும் குழப்பமானது. அதன் பிறகு விதிகள் இறுகின. 2025 ஏப்ரல் 10 முதல், பகடி என்று உணர்த்தும் சொல் கணக்குப் பெயரின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். டீம் பயன்படுத்தும் அதே புரொஃபைல் படத்தை வைக்கக் கூடாது. பெயரின் கடைசியில் போட்டால் கைப்பேசித் திரையில் அது வெட்டுப்பட்டு மறைந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பெயருக்கு 50 எழுத்து இடம் உண்டு. தமிழில் "பகடி" என்று எழுதுவதோடு, ஆங்கிலத்திலும் 'பாரடி' என்ற சொல்லை முதலில் போடுங்கள். கணக்கு அமைப்புகளில் பகடி முத்திரை போடும் வசதியும் உண்டு, அதையும் இயக்குங்கள். பெயரைத் திருத்திய பிறகு மேல்முறையீடு செய்யுங்கள்.

கே: டீமின் சின்னம், ஆட்டக்காரர் படங்கள், ஆட்ட வீடியோ: எதைப் பயன்படுத்தலாம்? டி-ஷர்ட் போட்டு விற்கலாமா?
– ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

ப: அமெரிக்க நீதிமன்றம் வரை போன ஒரு பேஸ்பால் பகடியே இருக்கிறது, எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு. 1993-இல் கார்ட்டூன்ஸ் என்ற நிறுவனம் 130 பகடி அட்டைகளைத் தயாரித்தது. அவற்றில் 71 அட்டைகள் அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களின் கேலிச்சித்திரங்கள். ஜயன்ட்ஸ் வீரர் பேரி பாண்ட்ஸ் அதில் "டிரெஷரி பாண்ட்ஸ்", அதாவது அரசாங்கக் கடன் பத்திரம். ஜயன்ட்ஸ் டீம் "ஜென்ட்ஸ்" ஆனது. அட்டையின் பின்புறம் முழுக்க வங்கிச் சிலேடை: அவர் 110 சதவீதம் உழைப்பார், அதுவும் தினசரிக் கூட்டுவட்டியோடு! ஆட்டக்காரர் சங்கம் நிறுத்தச் சொன்னது. 1996-இல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இது பேச்சுரிமைக்குள் வரும் பகடி என்று கார்ட்டூன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்த அட்டைகளில் மூன்று விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. படங்கள் புதிதாக வரையப்பட்டவை. டீம் பெயர் மாற்றப்பட்டிருந்தது. மேஜர் லீகின் உரிமம் பெற்றதல்ல, பகடி என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். நீங்களும் அந்த வழியில் போவது நல்லது.

டி-ஷர்ட் விஷயத்தில் நிதானமாக இருங்கள். 2023 ஜூனில் ஜாக் டேனியல்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மற்றவரின் வர்த்தகச் சின்னத்தை உங்கள் சரக்கின் அடையாளமாகவே பயன்படுத்தினால் பகடி என்ற காரணம் தனிப் பாதுகாப்பு தராது என்றது. அங்கே சரக்கு, விஸ்கி பாட்டில் வடிவிலான நாய் பொம்மை. சின்னத்தைச் சற்றே மாற்றி நெஞ்சில் போட்டு விற்கும் சட்டைக்கும் அதே சிக்கல் வரும். விற்பனை என்று வந்தால் வக்கீலைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

ஆட்ட வீடியோவை அடியோடு தவிருங்கள். உரிமைப் புகாரில் கணக்கே போகும். செய்தி நிறுவனப் படங்களும் அப்படித்தான். மாற்று வழி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையச் சேகரிப்பு. 1887 முதல் 1914 வரையிலான சுமார் 2,100 பேஸ்பால் அட்டைகளும், பெய்ன் செய்தி நிறுவனத்தின் பழைய பேஸ்பால் புகைப்படங்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. மீசை வைத்த 1887-ஆம் ஆண்டு ஆட்டக்காரர் படத்துக்குக் கீழே இன்றைய ரோஸ்டர் அறிவிப்பு வந்தால், நிஜ வீரர் யாரும் மாட்டாமலே பதிவு நிற்கும்.

கே: டீமின் அதிகாரபூர்வக் கணக்கே தன்னைக் கேலி செய்துகொண்டால் நாங்கள் என்ன செய்வது?
– ஷாம்பர்க், இல்லினாய்

ப: 2024-இல் அதுதான் நடந்தது. ஜூலை 10-இல் தொடங்கி 21 ஆட்டம் தொடர்ந்து தோற்று, ஆகஸ்ட் 6-இல் ஓக்லாந்தை வென்று மூச்சு விட்டு, இரண்டே நாளில் மேனேஜரை (தலைமைப் பயிற்சியாளரை) நீக்கிய சீசன். ஸ்கோரைப் போடாமல், அதை எம்எல்பி (மேஜர் லீக் பேஸ்பால்) செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பாணியில் வைட் சாக்ஸ் கணக்கே பதிவிட்டது. அந்த நிலையில் நீங்களும் அழுதால் இரண்டு பேரும் ஒரே குரல். எதிர்த் திசையில் போங்கள். டீம் சோர்ந்தால் உங்கள் கணக்கு அளவுக்கு மீறி உற்சாகப்பட வேண்டும்: "தொடர்ச்சி என்பது எங்கள் பலம். 21 ஆட்டம் ஒரே தரம்."

எல்லாரும் எடுத்துவிட்ட விஷயத்தை விட்டுவிடுங்கள். மைதானத்தின் பெயர் 'கேரண்டீட் ரேட் ஃபீல்ட்' என்றிருந்த காலத்தில், அதன் சின்னம் கீழே நோக்கும் சிவப்பு அம்பு. கடன் வட்டி இறங்கும் என்று காட்டுவதற்காக ஓர் அடமானக் கடன் நிறுவனம் வைத்த சின்னம். அதை வைத்துச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் சிகாகோ சொல்லி முடித்துவிட்டது. 2025 மே மாதம் போப் பதினான்காம் லியோ வைட் சாக்ஸ் ரசிகர் என்று தெரிந்தபோது முதல் ஒரு மணி நேரத்திலேயே அற்புதம், பாவமன்னிப்பு ஜோக்குகள் தீர்ந்துபோயின. அவர் 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்த இருக்கையைக் குறித்துப் படம் வைத்தது டீமேதான். அந்த இருக்கையின் டிக்கெட் பிரிவு அதிகாரி எழுதும் அறிவிப்பு என்று யோசித்தால் இன்னும் இடம் இருக்கிறது. மதத்தைத் தொடாமல், டிக்கெட் அலுவலகத்தை மட்டும் தொடலாம்.

கே: ஆண்டுதோறும் வரும் நாட்களுக்குப் பதிவு தயாராக வைக்கலாமா?
– குவீன்ஸ், நியூயார்க்

ப: தாராளமாக. உங்கள் மெட்ஸுக்கு ஜூலை 1 இருக்கிறதே. 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-லும் பாபி போனியாவுக்கு 11,93,248 டாலர் 20 சென்ட் போய்ச் சேருகிறது. எப்போதோ ஆடி முடித்தவருக்கு, 8 சதவீத வட்டியோடு தள்ளிவைத்த சம்பளம். தொகையை "12 லட்சம்" என்று உருட்டாதீர்கள். சிரிப்பு முழுக்க அந்த 20 சென்ட்டில் இருக்கிறது.

கே: மோசமாக ஆடிய பிட்சரை டேக் செய்து போட்டால் அதிகம் பகிர்கிறார்கள். செய்யலாமா?
– ஹூஸ்டன்

ப: கூடாது. உங்கள் ஊரிலேயே 2025 மே மாதம் ஆஸ்ட்ரோஸ் பிட்சர் லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு, ஒரு மோசமான ஆட்டத்துக்குப் பின் அவருடைய குழந்தைகளைக் கொல்வோம் என்றே இணையத்தில் மிரட்டல் வந்தது. பந்தயத்தில் தோற்ற, வெளிநாட்டில் இருந்த ஒருவர் அனுப்பியது. உங்கள் பதிவு மென்மையானதாக இருக்கலாம். அதன் கீழே வந்து கூடுகிறவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள். டேக் செய்தால் அத்தனை பேரின் பதிலும் அவர் கைப்பேசியில் போய் இறங்கும்.

குறி வைக்க வேண்டியது முடிவெடுப்பவர்களை: ஓனர், நிர்வாகம், டிக்கெட் விலை, அந்த அறிவிப்புக் குரல். ஆட்டக்காரரின் உடல், குடும்பம், பிறந்த நாடு, பேசும் ஆங்கிலம் இவை எதுவும் பதிவில் வரக் கூடாது. ஏற்கெனவே டேக் செய்தவற்றைத் தேடி எடுத்து இன்றே நீக்கிவிடுங்கள். கீழே யாராவது மிரட்டல் எழுதினால் மறைத்துவிட்டால் மட்டும் போதாது. தளத்திடம் புகார் செய்துவிட்டு அந்த ஆளைத் தடை செய்யுங்கள்.